ஆன்டி-டி ஊசிக்கு கிளெய்ம் மறுப்பு, என்ன செய்யலாம்?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): மனைவிக்கு ஓ நெகட்டிவ், எனக்கு பாசிட்டிவ். கர்ப்பத்தின் 28வது வாரத்தில் ஆன்டி-டி (குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் திரும்பாமல் தடுக்கும் ஊசி) கட்டாயம் என்று டாக்டர் சொல்லிப் போட்டாச்சு. ஆபீஸ் பாலிசியில் பிரசவச் செலவு உண்டு, ஆனால் அட்மிட் ஆகாமல் போட்ட ஊசி என்று கிளெய்மைத் திருப்பிவிட்டார்கள். இந்த ஊசிக்கு எதற்கு அட்மிட் ஆக வேண்டும்?

பதில் 1: பிரசவத்துக்கு முந்தைய செலவு என்று பாலிசியில் தனியாக ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஊசி ஏன் தேவை என்று டாக்டரின் கடிதம், இருவரின் ரத்த வகை ரிப்போர்ட், பில் எல்லாம் சேர்த்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். போனில் பேசுவது வீண்.

பதில் 2 (புதுச்சேரி): ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடி மறுத்தால், சென்னை இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போங்கள். எங்கள் ஊருக்கும் அங்கேதான். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பதில் 3: அது இருக்கட்டும் சார், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி உண்டு. அப்போது அட்மிஷனில்தானே இருப்பார், ஆஸ்பத்திரி பில்லிலேயே சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.