ஜியோகேச்சிங்னாலே "புதையல் வேட்டை"ன்னுதான் எழுதணுமா? கையடக்கக் கம்ப்யூட்டர் வச்சு தேடுறவங்க வந்து சொல்லுங்க

ஸ்டைலஸ்_பிரியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பத்திரிகைக்கு எழுதுறவரு, ஜியோகேச்சிங் பத்தி ஒரு கட்டுரை பண்ணணும்னு என்கூட தேட வந்தாரு. (தெரியாதவங்களுக்கு: ஒருத்தர் ஒளிச்சு வச்ச டப்பாவை, அதாவது கேச்சை, அவர் இணையத்துல போட்ட கோஆர்டினேட்ஸை வச்சு ஜிபிஎஸ்ல தேடிக் கண்டுபிடிச்சு, உள்ள இருக்கற லாக்புக்ங்கற நோட்டுல பேரு எழுதிட்டு வர்ற விளையாட்டு இது.) நான் இன்னமும் ஐபேக்ங்கற பழைய பாக்கெட் பிசியும் (விண்டோஸ்ல ஓடுற கையடக்கக் கம்ப்யூட்டர்) கார்மின் ஈட்ரெக்ஸ்ங்கற மஞ்சள் கலர் ஜிபிஎஸ் மெஷினும்தான் எடுத்துட்டுப் போறேன், போன்ல ஆப் இருக்கு ஆனாலும் கைக்குப் பழகினது இதுதான். அதைப் பாத்ததும் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, ரெண்டையும் ரெண்டு கையில புடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லி போட்டோ எடுத்தாரு. இப்ப எழுதி முடிச்சு எனக்கு அனுப்பியிருக்காரு, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஏதாச்சும் மாத்தணும்னா சொல்லுங்கன்னு கேட்டிருக்காரு, அந்த வரைக்கும் நல்ல மனுஷன்.

தலைப்பே புதையல் வேட்டை. அடுத்து, கோடிக்கணக்குல செலவு பண்ணி விட்ட ராணுவ செயற்கைக்கோளை வச்சு புதருக்குள்ள பிளாஸ்டிக் டப்பா தேடுறாங்கன்னு ஒரு வரி. அப்புறம் நாலு பாரா முழுக்க மெஷின், என் கையில இருக்கற கம்ப்யூட்டர்தான் வழி காட்டுதுன்னு வேற போட்டிருக்காரு, அந்த ஐபேக்ல ஜிபிஎஸ்ஸே கிடையாது. நாம தேடின இடத்தைப் பத்தியோ, அந்த டப்பாவை அவ்வளவு யோசிச்சு ஒளிச்சு வச்ச ஆளைப் பத்தியோ ஒரு வார்த்தை இல்ல. இதுக்கு முன்னாடி நான் படிச்ச கட்டுரைங்க, பாத்த டிவி செய்திங்க எல்லாமே கிட்டத்தட்ட இதே அச்சுதான், இல்லாட்டி "மர்மப் பொருளால் பரபரப்பு"ன்னு வரும்.

என் கேள்வி ரெண்டு. அவர்கிட்ட எதை மாத்தச் சொல்லலாம், புதுசா படிக்கறவனுக்கும் புரியணும். ரெண்டாவது, கையடக்கக் கம்ப்யூட்டர் இதுல என்ன வேலை செய்யுதுன்னு அதைப் பாத்தே இராத ஆளுக்கு எப்படி சொல்றது?

---

காகிதம்_வேண்டாம் எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன், ஏன்னா நான் பாம் (Palm)ங்கற பழைய கையடக்கக் கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சு அப்புறம் பாக்கெட் பிசிக்கு வந்த ஆள், இது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

அந்தக் காலத்து ஜிபிஎஸ் மெஷின்ல ஒரு கேச்சுக்கு என்ன ஏத்த முடியும்? ஒரு சின்ன பேரு, கோஆர்டினேட்ஸ், அவ்வளவுதான். ஆனா இணையத்துல அந்தக் கேச்சுக்குன்னு இருக்கற பக்கத்துல அது மட்டுமா இருக்கும்? அந்த இடத்தோட கதை இருக்கும், எங்கிருந்து நடக்க ஆரம்பிக்கணும்னு இருக்கும், கஷ்டம் எவ்வளவு தரை எவ்வளவு மோசம்னு 1லருந்து 5 வரைக்கும் ரெண்டு மார்க் இருக்கும், டப்பா எங்க இருக்குன்னு ஒரு குறிப்பு இருக்கும், எல்லாத்துக்கும் மேல முன்னாடி தேடினவங்க எழுதின அனுபவம், அதாவது லாக் இருக்கும். கடைசியா வந்தவங்க வரிசையா கிடைக்கலன்னு எழுதியிருந்தா டப்பா போயிடுச்சோன்னு யோசிக்கலாம், "மழைக்கு அப்புறம் ஓடையைத் தாண்ட முடியல"ன்னு இருந்தா வேற பக்கமா போகலாம். இதையெல்லாம் வீட்டுல பிரிண்ட் எடுத்துதான் கொண்டுபோவாங்க, பத்து கேச்சுக்கு ஒரு கத்தை பேப்பர் ஆகும், நனைஞ்சா முடிஞ்சுது.

கையடக்கம் வந்ததும் அந்தக் கத்தை போயிடுச்சு. ஜியோகேச்சிங் தளத்துல பாக்கெட் குவெரி போட்டா, அதாவது ஒரு ஏரியா கேச் விவரத்தை எல்லாம் சேத்துக் கேட்டா, அது மொத்தமா ஜிபிஎக்ஸ்ங்கற ஃபைலா அப்ப மெயில்ல வரும், பாம்ல கேஷ்மேட், பாக்கெட் பிசில ஜிபிஎக்ஸ்சோனார்னு சாஃப்ட்வேர் இருந்துச்சு, அதுக்குள்ள எல்லாம் உக்காந்துக்கும், சுத்து வட்டாரத்துல இருக்கற கேச் மொத்தமும் சட்டைப் பையில. குறிப்பை உடனே படிக்க முடியாதபடி ரோட்13ங்கற முறையில மாத்தித்தான் போட்டிருப்பாங்க, ஏ-க்கு பதிலா என், பி-க்கு பதிலா ஓ, இப்படி பதிமூணு எழுத்து தள்ளி. பேப்பர்ல ஒவ்வொரு எழுத்தா மாத்தி எழுதணும், இதுல ஒரு தட்டு தட்டினா படிச்சிடலாம்.

அதனால உங்க எழுத்தாளர்கிட்ட இப்படி சொல்லுங்க, இடத்தைக் காட்டுறது ஜிபிஎஸ், அந்த இடத்தைப் பத்தி நமக்கு முன்னாடி வந்தவங்க சொன்னதை வச்சிருக்கறது கையடக்கம். அது நமக்கு நூலகம்தான். இதை ஏன் எந்தச் செய்தியும் காட்டலன்னா ஒரு ஆள் நின்னுக்கிட்டு சின்ன திரையில படிக்கறதை கேமரால காட்டினா பாக்க ஒண்ணும் இருக்காது, அம்புக்குறி சுத்துறதைக் காட்டினா நல்லா இருக்கும். ஆனா ஒரு நாள் வெளிய போனா நான் படிக்கற நேரம்தான் அதிகம்.

அதோட இது வசதியான சாமான் இல்லங்கறதையும் எழுதட்டும். 2005ல விண்டோஸ் மொபைல் 5ங்கற சாஃப்ட்வேர் வர்றதுக்கு முன்னாடி பாக்கெட் பிசில ஏத்தினது எல்லாம் ரேம்லதான் இருக்கும், பேட்டரி முழுசா இறங்கினா மொத்தமும் அழிஞ்சு புதுசு மாதிரி ஆயிடும். அதனாலதான் அனுபவப்பட்டவங்க ஃபைலை மெமரி கார்டுல தனியா வச்சிருப்பாங்க. இவ்வளவு மெனக்கெட்டு எடுத்துட்டுப் போனாங்கன்னா அது மெஷின் மோகத்துல இல்லன்னு படிக்கறவனுக்கே தெரிஞ்சிடும்.

---

பழைய_லாக்புக் எழுதியது:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா "புதையல்" விஷயத்துல நான் ஸ்டைலஸ் பக்கம் முழுசா நிக்க மாட்டேன். அந்த வார்த்தையை வெளியாளுங்க கண்டுபிடிக்கல, நாமதான் குடுத்தோம்.

2000 மே 1ம் தேதி அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே கலந்து வச்சிருந்த பிழையை நிறுத்துறதா அறிவிச்சது, அன்னைக்கு நள்ளிரவோட நிறுத்திட்டாங்க. அதுவரைக்கும் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும், திடீர்னு அது பத்து இருபது மீட்டருக்குள்ள வந்துடுச்சு. மே 3ம் தேதியே டேவ் உல்மர்ங்கறவரு அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல பீவர்கிரீக் ஊர் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைப் பாதி மண்ணுல புதைச்சு வச்சு கோஆர்டினேட்ஸை இணையத்துல போட்டாரு. உள்ள புத்தகம், சாஃப்ட்வேர், வீடியோ, ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின் இதெல்லாம் இருந்துச்சு. கொஞ்சம் எடுத்துக்கோ, கொஞ்சம் வச்சிட்டுப் போ, லாக்புக்ல எழுது, இதுதான் அவர் சொன்ன விதி. புதைச்ச பக்கெட்டு, உள்ள சாமான், இதைப் பாத்த ஒருத்தன் புதையல்னு எழுதினா அவன் மேல என்ன தப்பு? அதே வருஷம் செப்டம்பர்ல ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங் டாட் காம் ஆரம்பிச்சாரு, அதுக்கப்புறம் புது ஆளுங்களைக் கூப்பிடும்போது நாமளே புதையல்னு சொல்லித்தான் கூப்பிட்டோம். அந்த செயற்கைக்கோள் - பிளாஸ்டிக் டப்பா வரியும் அப்படித்தான், ஜியோகேச்சர்ங்க சட்டையிலயே அச்சடிச்சுப் போட்டுக்கிட்ட வரி அது.

நான் புதையலுக்கு ஆட்சேபம் சொல்றது வேற காரணத்துக்கு. இன்னைக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல கேச் இருக்கு, அதுல எக்கச்சக்கமா மைக்ரோ, அதாவது நூறு மில்லிக்கும் குறைஞ்ச டப்பா, ஃபிலிம் டப்பாவும் அதைவிடச் சின்ன காந்தம் ஒட்டின நானோவும். உள்ள சுருட்டின ஒரு துண்டு பேப்பர்தான் இருக்கும், பேரு எழுதக்கூட இடம் பத்தாது. கட்டுரையைப் படிச்சிட்டு பொருள் கிடைக்கும்னு வர்றவன் அதைத் திறந்து பாத்து ஏமாந்து போறான், சில பேரு பெரிய டப்பாவைத் திறந்து இருக்கறதெல்லாம் எடுத்துட்டு எதுவும் வைக்காமப் போறான். அந்த நஷ்டம் அடுத்து வர்ற குழந்தைக்குத்தான். அதனால தலைப்பை மாத்தச் சொல்ல முடியலன்னா பரவாயில்ல, உள்ள என்ன இருக்கும்ங்கறதை மட்டும் உண்மையா எழுதச் சொல்லுங்க.

அப்புறம் ஒண்ணு, இதை செயற்கைக்கோள் காலத்து விளையாட்டுன்னு எழுதுறதும் பாதிதான் சரி. இங்கிலாந்துல டார்ட்மூர்ல கிரான்மியர் பூல்ங்கற இடத்துல 1854லயே ஜேம்ஸ் பெரட்னு ஒரு வழிகாட்டி ஒரு பாட்டில் வச்சாரு, அங்க வரைக்கும் நடந்து வர்றவங்க தங்களோட கார்டை அதுக்குள்ள போட்டுட்டுப் போனாங்க, அதுலருந்துதான் லெட்டர்பாக்சிங் வளந்துச்சு, இன்னைக்கும் நடக்குது. திசைகாட்டியும் கால் நடையும்தான் அவங்களுக்கு. ஒரு இடம் வரைக்கும் போய் "நான் வந்தேன்"னு எழுதிட்டு வர ஆசை மனுஷனுக்கு ரொம்ப நாளா இருக்கு, ஜிபிஎஸ் அதுக்கு உதவிக்கு வந்துச்சு.

---

மலைச்சரிவு எழுதியது:

"மர்மப் பொருளால் பரபரப்பு" செய்தியைப் பத்தி யாரும் பேசலையே. எனக்கு இதுதான் முக்கியம்.

2011ல இங்கிலாந்துல வெதர்பிங்கற ஊர்ல தெருவோரம் இருந்த ஒரு கேச்சை ஒருத்தர் கையாண்டதைப் பாத்துட்டு, அங்க இருந்தவங்க சந்தேகப்பட்டு போலீசுக்குச் சொல்லிட்டாங்க, தெருவை மூடி வெடிகுண்டு பிரிவு வந்து அந்தச் சின்ன டப்பாவை வெடிக்க வச்சு அழிச்சாங்க. இந்த மாதிரி வேற நாடுகள்லயும் நடந்திருக்கு. நம்மாளுங்க பல பேரு "விவரம் தெரியாதவங்க கலாட்டா பண்றாங்க"ன்னு பேசறதைப் பாக்கறேன், அது எனக்குச் சுத்தமா பிடிக்கல. தெரியாத ஒருத்தன் பெஞ்சுக்கு அடியில கையை விட்டுத் துழாவுறான், யாராவது வந்தா போன் பேசுற மாதிரி நடிக்கறான், அவங்க போனதும் திரும்பத் துழாவுறான். பாக்கறவங்க பயப்படத்தான் செய்வாங்க, பயப்பட அவங்களுக்கு உரிமை இருக்கு.

2005ல அமெரிக்காவுல தெற்கு கரோலினா சட்டசபையில கல்லறை, தொல்பொருள் இடங்கள்ல ஜியோகேச்சிங் பண்றதைக் குற்றமாக்க ஒரு மசோதாவே வந்துச்சு, சட்டமாகல. அப்பவும் நம்ம பக்கம் கோவம்தான் அதிகமா இருந்துச்சு. கல்லறையில தன் சொந்தக்காரங்களைப் புதைச்சவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிச்ச குரல் கம்மி.

அதனால கட்டுரையில இதையும் போடச் சொல்லுங்க, மறைக்க வேண்டாம். ஆனா கூடவே ஒழுங்கா வைக்கறது எப்படின்னும் வரட்டும். உள்ள இருக்கறது தெரியுற மாதிரி டப்பா, வெளியில பெருசா ஜியோகேச்னு எழுத்து, கேச்சோட பேரு, வச்சவரைத் தொடர்பு கொள்ள வழி. இடத்துக்குச் சொந்தக்காரங்க அனுமதி. பள்ளிக்கூடம், ரயில் பாதை, பாலம் இந்தப் பக்கமே வேண்டாம். மண்ணைத் தோண்டக்கூடாது, சாப்பாட்டு சாமான் வைக்கக்கூடாது, மிருகம் வந்து கடிச்சிடும். போற வழியில குப்பை இருந்தா எடுத்துட்டு வர்ற பழக்கமும் நம்மகிட்ட இருக்கு, இதெல்லாம் எழுதினா நம்மளைப் பத்தி நாமளே சொல்ற புகழைவிட நல்லது.

---

ஸ்டைலஸ்_பிரியன் எழுதியது:

ரொம்ப நன்றி, இவ்வளவு விரிவா வரும்னு எதிர்பாக்கல. லாக்புக் அண்ணா சொன்னது யோசிக்க வச்சிடுச்சு, தலைப்பை விட்டுடறேன், உள்ள இருக்கறதைப் பேசுறேன். ஆனா ஒரு சிக்கல், நான் எவ்வளவு சொன்னாலும் அவருக்கு அது "ஆர்வலர் கூறுகிறார்"னு ரெண்டு வரியாத்தான் போகும். அன்னைக்கு முழுக்க அவரு என் கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரா உணர்ற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா? இன்னொரு தடவை வர்றேன்னு சொல்லியிருக்காரு.

---

சுத்தி_சுத்தி எழுதியது:

வர்றாருன்னா விஷயம் சுலபம். மெஷினை அவர்கிட்ட குடுத்துடுங்க, நீங்க பின்னாடி நடங்க, வாயைத் திறக்காதீங்க.

மெஷினோட உதவி எங்க தீருதோ அங்கதான் தேடல் ஆரம்பிக்குதுன்னு அவருக்குத் தானா புரியும். வானம் நல்லா தெரிஞ்சா ஈட்ரெக்ஸ் அஞ்சு பத்து மீட்டர் கிட்ட கொண்டு போகும், மரம் அடர்த்தியா இருந்தா அதுவும் அலையும். இது நம்ம பக்கத்துப் பிழை, வச்சவரு அளந்தப்போ அவர் மெஷின்லயும் இதே பிழை இருந்திருக்கும், ரெண்டும் எதிரெதிரா சேந்தா இருபது மீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். அந்த வட்டத்துக்குள்ள அம்புக்குறியை நம்பி ஒரு பிரயோஜனமும் இல்ல, தலையைத் தூக்கணும். எந்தக் கல்லு மத்த கல்லு மாதிரி இல்ல, எங்க செத்தையை யாரோ அடுக்கின மாதிரி இருக்கு, வச்சவரு உயரமான ஆளா, அவரோட மத்த கேச் எல்லாம் எப்படி இருந்துச்சு, இதெல்லாம் யோசிக்கற நேரம் அது. அப்ப அவரு ஐபேக்ல பழைய லாக் எல்லாம் தேட ஆரம்பிப்பாரு பாருங்க, யாராவது ஒரு சின்ன தடயத்தை விட்டிருக்காங்களான்னு. காகிதம் சொன்ன நூலகம் அப்பதான் அவருக்குப் புரியும்.

மைக்ரோவுக்கு கூட்டிட்டுப் போகாதீங்க. கஷ்டம் ரெண்டு, தரை ரெண்டு இருக்கற மாதிரி ஒரு பெரிய டப்பாவா பாருங்க, லாக்புக் தடியா இருக்கணும், பல வருஷத்துக் கையெழுத்து இருக்கணும். அதைப் படிச்சிட்டு அவரையே எழுதச் சொல்லுங்க.

---

காகிதம்_வேண்டாம் எழுதியது:

நல்ல யோசனை. ஜிபிஎக்ஸை முன்னாடி நாளே புதுசா இறக்கி ஏத்துங்க, பழைய ஃபைலா இருந்தா சமீபத்து லாக் இருக்காது, போனப்புறம் டப்பா இல்லன்னா அவரு நேரம் வீணாகும். பேட்டரி முழுசா ஏத்திட்டுப் போங்க.

இன்னொரு விஷயம் கேக்கணும், அவரு எடுத்த அந்த போட்டோ, நீங்க நிக்கற இடத்துக்குப் பின்னாடி என்ன தெரியுது?

---

ஸ்டைலஸ்_பிரியன் எழுதியது:

ஐயோ, இப்பதான் எடுத்துப் பாத்தேன். டப்பா இருக்கற அடிமரம் பளிச்னு தெரியுது, பக்கத்துல இருக்கற வேலிக் கம்பம் வரைக்கும். அந்த ஏரியாவுல தேடுறவன் எவனா இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவான், வச்சவரு அந்த மறைவிடத்துக்கு மரப்பட்டையெல்லாம் ஒட்டி எவ்வளவு பாடுபட்டிருக்காரு. அந்தப் படத்தைப் போடாதீங்கன்னு இப்பவே மெசேஜ் பண்ணிட்டேன், அடுத்த தடவை போறப்ப டப்பாவை விட்டு நல்லா தள்ளி வந்து வேற எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கேன், சரின்னுட்டாரு.