எக்ஸ்பி கணினிக்கு நாஸ் திறக்கவில்லை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

அச்சகத்தான்:
எங்கள் அச்சகத்தில் அச்சுக்கான பிளேட் எடுக்கும் இயந்திரத்தின் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். நாஸில் (நெட்வொர்க்கில் எல்லாரும் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஃபர்ம்வேர் என்ற அதன் உள் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள், முகூர்த்தப் பத்திரிகைகள் வரிசையில் காத்திருந்த நேரத்தில், அந்தக் கணினிக்கு மட்டும் ஷேர், அதாவது நாஸில் பகிர்ந்த கோப்புறை, திறக்கவில்லை. நாஸ் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பிங் செய்து பார்த்தால் உடனே பதில் வந்தது. ஆனால் ஷேரைத் தொட்டால், கடவுச்சொல் கேட்கும் பெட்டிகூட வராமல், அந்தப் பெயரில் நெட்வொர்க்கில் எதுவும் இல்லை என்று செய்தி வந்தது. பக்கத்து மேசையில் இருந்த விண்டோஸ் 10 கணினியிலோ அதே கோப்புறை திறந்தபடியே இருந்தது. இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மனத்தில் இருக்கிறது. புதுப்பிப்பு, கோப்புப் பகிர்வுக்கான குறைந்தபட்ச நெறிமுறையை எஸ்எம்பி 2 ஆக உயர்த்தியிருந்தது. எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டுமே. நாஸில் அந்த அமைப்பை எஸ்எம்பி 1 ஆக இறக்கியதும் வேலை நடந்துவிட்டது. ஆனால் எங்கள் கணக்கு, வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் அதே நாஸில் இருப்பதால் அந்த அமைப்பை அப்படியே விட மனம் ஒப்பவில்லை.

டிபேஸ்காலம்:
எனக்கு ஷேர் திறந்தது, மென்பொருள்தான் மறுத்தது. பழைய சரக்கிருப்பு மென்பொருள் ஒன்று, பல டெராபைட் காலியாக இருந்த நாஸில் "இடம் போதாது" என்று நின்றுவிட்டது. அதன் திரையில் காலி இடம் என்ற கட்டத்தில் கழித்தல் குறியுடன் ஓர் எண் நின்றதைப் பார்த்த பிறகே காரணம் விளங்கியது. 32 பிட்டில் கூட்டல், கழித்தல் குறியுடன் எண்ணும் நிரலுக்கு 2,147,483,647 பைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதைத் தாண்டினால் எண் சுற்றி எதிர்மறையாகிவிடும். கோப்புகளைப் பகிரும் சாம்பா என்ற மென்பொருளில் இதற்காகவே "மேக்ஸ் டிஸ்க் சைஸ்" என்ற அமைப்பு உண்டு. அந்த ஷேருக்கு மட்டும் அதை 1000 என்று வைத்தேன். அது மெகாபைட் கணக்கு. வட்டில் உண்மையில் இருக்கும் இடம் குறையாது, மென்பொருளுக்குக் காட்டப்படும் அளவு மட்டுமே குறையும்.

ஆய்வகக்காவல்:
அச்சகத்தான் ஐயா, எஸ்எம்பி 1 ஐ நாஸ் முழுவதற்கும் திறந்து வைத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது எஸ்எம்பி 1 இல் இருந்த ஓட்டையின் வழியாகத்தான். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்திருந்தும், மைக்ரோசாஃப்ட் அப்போது அதற்குத் தனியாக ஓட்டையை அடைக்கும் ஒரு பேட்ச் வெளியிட வேண்டியதாயிற்று. எங்கள் ஆய்வகத்திலும் ஒரு பழைய பகுப்பாய்வுக் கருவிக்காக இதே பாடுதான் பட்டோம்; நாஸைத் தொடாமலேயே தீர்த்தோம்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் வழியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நெட்வொர்க் கார்டு கொண்ட ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போடுங்கள். ஒரு கார்டை எக்ஸ்பி கணினிக்கு மட்டும் கொடுத்து, இன்னொன்றை அலுவலக நெட்வொர்க்கில் இணையுங்கள். இரண்டுக்கும் நடுவே ரவுட்டிங், அதாவது தரவு நேராகக் கடந்துபோகும் வழி, இருக்கக் கூடாது. நாஸில் இந்த வேலைக்கான ஒரே ஒரு கோப்புறையை எஸ்எம்பி 3 வழியாக இந்த லினக்ஸ் கணினியில் மவுன்ட் செய்து (இணைத்து), அதையே சாம்பா மூலம் எக்ஸ்பி பக்கம் பகிருங்கள். 2019 இல் வந்த சாம்பா 4.11 முதல் எஸ்எம்பி 1 இயல்பாகவே அணைக்கப்பட்டிருப்பதால், "சர்வர் மின் புரோட்டோகால்" என்பதை என்டி1 (எஸ்எம்பி 1 க்கு சாம்பா வைத்திருக்கும் பெயர்) என்று நீங்களே எழுத வேண்டும். அதன் பிறகும் சரியான கடவுச்சொல் மறுக்கப்பட்டால் குழம்ப வேண்டாம். எக்ஸ்பி இயல்பாக அனுப்புவது பழைய என்டிஎல்எம் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறை, சாம்பா 4.5 முதல் அது ஏற்கப்படுவதில்லை. எக்ஸ்பியின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், எல்எஸ்ஏ கிளையின் கீழ் "எல்எம் கம்பாட்டிபிலிட்டி லெவல்" மதிப்பை 3 ஆக்கினால் அது புதிய வடிவமான என்டிஎல்எம் வி2 அனுப்பத் தொடங்கும்.

நெல்லைசர்வீஸ்:
எல்லாவற்றுக்கும் எஸ்எம்பி மீது பழி போட முடியாது. விண்டோஸ் 7 கணினி ஒன்றில், நாஸ் கோப்புறையை இணைத்திருந்த இசட் டிரைவ் எக்ஸ்ப்ளோரரில் தெளிவாகத் தெரிந்தது. நிர்வாகி உரிமையுடன் இயக்கிய பழைய மென்பொருளுக்கோ அப்படியொரு டிரைவே இல்லை. வாடிக்கையாளர் புது நாஸ் வாங்கவே தயாராகிவிட்டார். சாதாரண உரிமைக்கும் நிர்வாகி உரிமைக்கும் விண்டோஸ் தனித்தனி டிரைவ் பட்டியல் வைத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் "எனேபிள் லிங்க்ட் கனெக்ஷன்ஸ்" மதிப்பை 1 ஆக்கி, கணினியை மறுபடி தொடங்கியதும் டிரைவ் தெரிந்தது.

அச்சகத்தான்:
ஆய்வகக்காவல் சொன்னபடி நடுவில் ஒரு லினக்ஸ் கணினி வைத்து, நாஸில் எஸ்எம்பி 1 ஐ மூடிவிட்டோம். அதன் பிறகு வேறொன்று முளைத்தது. பிளேட் மென்பொருள் கோப்புறையைக் கவனித்துக்கொண்டே இருந்து, கோப்பு வந்ததும் எடுத்துக்கொள்ளும்; நடுவில் ஒரு கணினி வந்த பிறகு, பெரிய கோப்பு முழுவதும் எழுதி முடியும் முன்பே அதை எடுத்துவிடுகிறது. பாதிப் படத்துடன் ஒரு பிளேட் வெளியே வந்தது. இப்போது கோப்பை வேறு நீட்சியுடன் நகலெடுத்து, முழுதும் வந்து சேர்ந்த பின்பே சரியான பெயருக்கு மாற்றும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை லினக்ஸில் ஓட விட்டிருக்கிறோம். மென்பொருளிலேயே காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட முடியும் என்று யாரேனும் கண்டிருந்தால் எழுதுங்கள்.