திட்டினால் சோறு கெடுமா? குடும்பக் குழுவில் ஒரு விவாதம்

மீனாட்சி அத்தை, காலை 6:48
அனைவருக்கும் வணக்கம். மேலே அனுப்பியிருக்கும் காணொளியைத் தயவுசெய்து முழுவதும் பாருங்கள். ஒரே பானையில் வடித்த சோற்றை இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் போட்டு, ஒன்றிடம் தினமும் நன்றி சொல்லியிருக்கிறார்கள், மற்றொன்றைத் தினமும் திட்டியிருக்கிறார்கள். திட்டு வாங்கிய சோறு சில நாட்களிலேயே கறுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. நன்றி கேட்ட சோறு அப்படியே வெள்ளையாக இருக்கிறது. வீட்டில் நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கதிர், காலை 7:15
அத்தை, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நான் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதையே நம் வீட்டில் செய்து காட்டலாமா? இரண்டு பாட்டில்கள் இருந்தால் போதுமா, பெரியப்பா?

அருண், காலை 7:31
அம்மா, இது ஜப்பானைச் சேர்ந்த மசாரு எமோட்டோ என்பவர் பரப்பிய கருத்து. நல்ல சொல்லைக் கேட்ட தண்ணீர் அழகான பனிப்படிகமாக உறையும் என்று சொன்னவரும் அவர்தான். கதிர், உன் கண்காட்சிக்கு இது வேண்டாம், வேறு ஏதாவது செய்.

சுந்தரம் பெரியப்பா, காலை 7:52
அருண், அவனைத் தடுக்காதே. செய்து பார்க்காமலே முடிவு தெரியும் என்று நினைப்பதில் நீயும் உன் அம்மாவும் ஒரே கட்சி. நமக்கு வரும் முன்னனுப்பல்களில் பெரும்பாலானவற்றைச் சோதிக்கவே வழியில்லை. இதையோ சோறும் பாட்டிலும் இருந்தால் எந்த வீட்டிலும் சோதித்துவிடலாம், ஆகவே இது நல்ல தலைப்பு. ஆனால் காணொளியில் செய்திருப்பது சோதனை ஆகாது. இரண்டு பாட்டில்களில் ஏதோ ஒன்று முன்னால் கெட்டுத்தான் தீரும். அது திட்டு வாங்கிய பாட்டிலாக இருப்பதற்கான வாய்ப்பு, சொல்லுக்கு எந்தச் சக்தியும் இல்லாதபோதும், சரிபாதி. ஆயிரம் வீடுகளில் இதைச் செய்தால் ஏறக்குறைய ஐந்நூறு வீடுகளில் 'நிரூபணம்' கிடைத்துவிடும். நன்றி கேட்ட சோறு முதலில் ஊசிப்போன வீட்டுக்காரர்கள் அதைப் படம் பிடித்து நமக்கு அனுப்பப்போவதில்லை.

மீனாட்சி அத்தை, காலை 8:20
அண்ணா, நீங்கள் சொல்வது சரியென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அரிசி ஒன்று, பானை ஒன்று, பாட்டிலும் ஒரே மாதிரி. வார்த்தையைத் தவிர வித்தியாசமாக இருப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

வாணி சித்தி, காலை 9:05
அண்ணி, ஆய்வகத்தில் நுண்ணுயிர்களோடு பழகுகிறவள் என்பதால் நான் இதைச் சொல்கிறேன். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த பிறகும் பிழைத்திருக்கும், பூஞ்சையின் வித்துகளோ சோறு ஆறும்போது காற்றிலிருந்து வந்து விழும். எந்தப் பாட்டிலில் எத்தனை விழுந்தன என்பது கண்ணுக்குத் தெரியாது. பாட்டிலைக் கழுவிய பின் எவ்வளவு ஈரம் மிச்சம் இருந்தது, எவ்வளவு சூட்டில் மூடினோம், மூடியின் உட்புறம் எவ்வளவு வியர்த்தது, சோற்றைக் கரண்டியால் எடுத்தோமா கையால் எடுத்தோமா என்பவையெல்லாம் இதில் சேரும். அந்தக் காணொளியில் இன்னொன்றையும் கவனித்தேன். தினமும் மூடியைத் திறந்து, பாட்டிலுக்குள் முகத்தை வைத்துப் பேசுகிறார்கள். நன்றியை அவர் மெதுவாகச் சொல்கிறார், திட்டும்போதோ உரக்கக் கத்துகிறார். கத்தும்போது எச்சில் துளிகள் அதிகம் தெறிக்கும். அந்தச் சோறு கறுத்தது வசையாலா, எச்சிலாலா என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மீனாட்சி அத்தை, காலை 9:22
எச்சிலை நான் யோசிக்கவே இல்லை, வாணி. அப்படிப் பார்த்தால் நானும் ஒன்று சொல்வேன். ஒரே பானைச் சோறு என்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. கஞ்சி எவ்வளவு நன்றாக வடிந்தாலும் ஓரிடத்தில் சோறு உதிரி உதிரியாகவும் இன்னோரிடத்தில் ஈரம் கோத்துக்கொண்டும்தான் இருக்கும், ஈரச் சோறுதான் முதலில் நூல் விடும். முதல் பாட்டிலை மேலிருந்து அள்ளி, இரண்டாவதை அடியிலிருந்து அள்ளினால் இரண்டும் வேறு வேறு சோறுதான்.

சுந்தரம் பெரியப்பா, காலை 9:50
மீனா, விவசாயக் கல்லூரியில் நான் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு விளக்கப் பாடுபட்டதை நீ ஒரு பானையில் சொல்லிவிட்டாய். நிலமும் அப்படித்தான், ஒரே வயலில் ஒரு மூலை செழிப்பாகவும் மறு மூலை களராகவும் இருக்கும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வு நிலையத்துக்கு 1919 இல் வேலைக்கு வந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டார். எந்தத் துண்டு நிலத்துக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. நமக்குத் தெரிந்த வித்தியாசங்களை நாமே சரிசெய்யலாம்: சோற்றைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டிக் கிளறி, எல்லாப் பாட்டில்களிலும் ஒரே எடையில் போடலாம். ஆனால் நம் கண்ணுக்கே படாத வித்தியாசங்களை என்ன செய்வது? குலுக்கல் அவற்றை ஒரு பக்கமாகச் சாயவிடாது, அப்படியே சாய்ந்தாலும் அது எவ்வளவு அபூர்வம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல இடம் தரும்.

கதிர், காலை 10:02
அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, பெரியப்பா?

சுந்தரம் பெரியப்பா, காலை 10:30
ராதம்ஸ்டெட்டில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆய்வாளர் இருந்தார். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றாராம். இத்தகைய ஒரு சோதனையை எப்படி அமைப்பது என்று ஃபிஷர் 1935 இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். எட்டுக் கோப்பைகளில் நான்கு ஒரு விதம், நான்கு மறு விதம், வரிசை குலுக்கல் முறையில். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ஆகவே ஒன்றும் தெரியாதவர் குருட்டுப்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு எழுபதில் ஒன்று. உன் பாட்டில்களும் அந்தக் கோப்பைகளைப் போலத்தான்: எட்டு பாட்டில்கள், நான்குக்கு நன்றி, நான்குக்குத் திட்டு. சொல்லுக்குச் சக்தி இல்லாதபோதும் அதிகம் கெட்ட நான்கும் திட்டு வாங்கியவையாகவே அமைவதற்கான வாய்ப்பு அதே எழுபதில் ஒன்று.

கதிர், காலை 10:41
குலுக்குவதற்குப் பதிலாக ஒற்றைப்படை எண்ணுள்ள பாட்டில்களுக்கு நன்றி, இரட்டைப்படைக்குத் திட்டு என்று வைத்துக்கொள்ளக் கூடாதா? நினைவில் வைத்துக்கொள்வதும் சுலபம்.

சுந்தரம் பெரியப்பா, காலை 10:58
நினைவில் நிற்கும் என்பதுதான் அதன் குறை. அடுத்து நிரப்பப்போவது எந்தப் பாட்டில் என்று உனக்கு முன்பே தெரிந்தால், நீ நேர்மையானவனாக இருந்தாலும் உன் கை கொஞ்சம் உதிரியான சோற்றைப் பார்த்து எடுக்கும். எலும்புருக்கி என்ற காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்து 1948 இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் இதைத் தடுக்கவே மூடி ஒட்டிய உறைகளைப் பயன்படுத்தினார்கள். நோயாளி ஆய்வுக்குத் தகுதியானவர் என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள், அதற்கு முன் அவர் எந்தக் குழு என்று மருத்துவருக்கே தெரியாது. ஆகவே நீ முதலில் எல்லாப் பாட்டில்களையும் நிரப்பி மூடி எண் ஒட்டு, குலுக்கலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

மீனாட்சி அத்தை, பகல் 11:20
சோற்றுக்குக் குலுக்குவது சரி. நோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டுப் பார்ப்பது கொடுமையாக இல்லையா, அண்ணா? உயிருக்குப் போராடுகிறவரைப் பார்த்து உனக்கு இந்தச் சீட்டுதான் விழுந்தது என்று எப்படிச் சொல்வார்கள்?

சுந்தரம் பெரியப்பா, பகல் 12:10
நியாயமான கேள்விதான், இதற்குச் சென்னையிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு நடந்தபோது எல்லோருக்கும் கொடுக்கப் போதுமான மருந்தே பிரிட்டனில் இல்லை. சென்னையிலோ சந்தேகமே வேறு. எலும்புருக்கி வந்தவர் நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கினால்தான் பிழைப்பார் என்று அன்று உலகம் முழுவதும் நம்பினார்கள். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நோயாளிகள் இருந்த அளவுக்குப் படுக்கைகள் இல்லை. புதிய மாத்திரைகளை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டால் போதாதா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. 1956 இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்துக்கு அனுப்பியது, மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தந்தது. மாத்திரை இரு பிரிவுக்கும் ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில், சானடோரியத்தைவிடக் குறைந்த உணவோடு வாழ்ந்தார்கள். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டில் உடன் வசித்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

இப்போது யோசித்துப் பார், மீனா. யாரை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவரே தீர்மானித்திருந்தால், நோய் முற்றியவர்களுக்குத்தான் இரக்கப்பட்டுச் சானடோரியத்தில் இடம் கொடுத்திருப்பார். அப்புறம் இரு பிரிவையும் ஒப்பிட்டால் சிகிச்சையின் வித்தியாசம் தெரியாது, நோயின் வித்தியாசம்தான் தெரியும். எது நல்லது என்று தெரியாத நிலையில் சீட்டுப் போடுவதைவிட, தெரியாமலே பல்லாயிரம் பேருக்கு ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. அந்த ஆய்வுக்குப் பிறகுதான் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் முறை பல நாடுகளுக்கும் பரவியது.

மீனாட்சி அத்தை, மாலை 4:05
புரிகிறது, அண்ணா. சரி, நம் சோற்றுக்கு வருவோம். நன்றி சொல்லும் நான்கு பாட்டில்களையும் பூஜை அறையில் வைத்துக்கொள்கிறேன். திட்டுகிற நான்கையும் சமையலறைப் பரணில் வைக்கலாம். அப்போது ஒன்றுக்குச் சொன்னது மற்றொன்றின் காதில் விழாது.

அருண், மாலை 4:12
அம்மா, அப்படி வைத்தால் அந்தச் சோதனை பூஜை அறைக்கும் பரணுக்கும் இடையில் நடக்கும். அடுப்பின் சூடும் ஆவியும் பரணுக்குத்தானே போகின்றன?

சுந்தரம் பெரியப்பா, மாலை 4:40
அருண் சொல்வது சரி. அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருக்கிறது. நான்கு பாட்டில்களும் ஒரே பரணில் இருந்தால், அந்தப் பரணுக்கு நேர்வதெல்லாம் நான்குக்கும் சேர்ந்தே நேரும். பார்வைக்கு நான்கு, கணக்கில் ஒன்றுதான். நூறு பாட்டில்களை அங்கே அடுக்கினாலும் அது ஒன்றாகத்தான் இருக்கும். படித்தவர்கள் செய்யும் ஆய்வுகளிலேயே இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது. ஆகவே எல்லாப் பாட்டில்களும் ஒரே தட்டில், குலுக்கிய வரிசையில், கலந்தே இருக்கட்டும். பேச வேண்டிய நேரத்தில் ஒவ்வொன்றாக வேறு அறைக்கு எடுத்துச்சென்று, மூடியைத் திறக்காமல், ஒரே தூரத்தில், ஒரே நேர அளவுக்குப் பேசிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள்.

கதிர், மாலை 5:15
எதுவுமே பேசாத மூன்றாவது பிரிவு ஒன்று வேண்டாமா? ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு பிரிவு இருக்க வேண்டும் என்று எங்கள் பாடநூலில் இருக்கிறது.

சுந்தரம் பெரியப்பா, மாலை 5:28
இருந்தால் நல்லதுதான். ஆனால் நம் கேள்வி நன்றிக்கும் வசைக்கும் வித்தியாசம் உண்டா என்பது, அதற்கு இந்த இரண்டு பிரிவுகளே ஒன்றுக்கொன்று ஒப்பீடு ஆகிவிடும். வித்தியாசம் தெரிந்தால், நன்றி சோற்றைக் காத்ததா, வசை கெடுத்ததா என்று பிரித்தறிய மௌனப் பிரிவை அடுத்த முறை சேர்த்துக்கொள்ளலாம். இருக்கிற பாட்டில்களை மூன்றாகப் பங்கிட்டால் எந்தக் கேள்விக்கும் உருப்படியான பதில் வராது.

வாணி சித்தி, மாலை 6:00
கெட்டுப்போனதை அளப்பது யார்? பேசுகிறவருக்கு எந்தப் பாட்டிலுக்கு என்ன சொன்னோம் என்று தெரியும், அவர் கண் அதற்கேற்பத்தான் பார்க்கும். ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு எந்தப் படம் யாருடையது என்று சொல்லவில்லை. எனக்கும் எண் மட்டும் தெரியும்படி படங்களை அனுப்புங்கள், குலுக்கல் பட்டியல் அருணிடம் இருக்கட்டும். 'கறுத்துவிட்டது', 'பார்க்கவே நன்றாக இல்லை' என்றெல்லாம் பார்க்காமல், வரைபடத்தாளின் கட்டங்களை ஒரு கண்ணாடித்தாளில் படியெடுத்துப் பாட்டிலைச் சுற்றி ஒட்டி, எத்தனை கட்டங்களில் பூஞ்சை தெரிகிறது என்று எண்ணுவோம். எந்த நாளில் எண்ணுவது என்பதையும் இப்போதே எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் நமக்குப் பிடித்த விடை வரும் நாள்வரை எண்ணிக்கொண்டே இருப்போம். முடிந்த பிறகு யாரும் மூடியைத் திறக்காதீர்கள், அப்படியே குப்பையில் போட்டுவிடுங்கள்.

மீனாட்சி அத்தை, மாலை 6:35
எல்லாவற்றுக்கும் நான் சம்மதிக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அண்ணா. அதிகம் கெட்ட நான்கு பாட்டில்களில் மூன்று திட்டு வாங்கியவையாக இருந்தாலும் நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வீர்களா? நான்குக்கு மூன்று என்பது பெரிய விஷயம் அல்லவா?

சுந்தரம் பெரியப்பா, மாலை 6:58
முன்கூட்டியே கேட்டாய் பார், அது நல்லது. எட்டில் நான்கு என்ற அமைப்பில் மூன்றோ அதற்கு மேலோ சரியாக அமையும் வழிகள் 70 இல் 17, அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு வாய்ப்பு. சும்மாவே அவ்வளவு அடிக்கடி நேரக்கூடியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ ஒன்று தவறலாம் என்ற சலுகை கேட்டால் பாட்டில்களைப் பன்னிரண்டாக்கு. ஆறு நன்றி, ஆறு திட்டு என்றால் 924 வழிகள் உண்டு. அவற்றில் ஐந்தோ ஆறோ சரியாக அமைவது 37 வழிகளில் மட்டுமே, நூற்றுக்கு நான்கு. ஐந்து வந்தால் நான் ஒப்புக்கொள்கிறேன்.

அருண், மாலை 7:10
ஐந்து வந்தாலும் நான் உடனே நம்ப மாட்டேன், மாமா. ஒரு முறை நடந்ததை வைத்து இவ்வளவு பெரிய விஷயத்தை ஏற்க முடியாது.

சுந்தரம் பெரியப்பா, மாலை 7:21
அப்படியானால் எது வந்தால் நம்புவாய் என்பதை நீயும் இப்போதே எழுது. முடிவு வந்த பிறகு நிபந்தனை சொல்ல உனக்கும் உரிமை இல்லை.

அருண், மாலை 7:34
சரி. ஐந்து வந்தால், திருச்சியில் வாணி அத்தை வீட்டில் அதே முறையில் மீண்டும் செய்ய வேண்டும். அங்கேயும் ஐந்தோ ஆறோ வந்தால் என் கருத்தை மாற்றிக்கொண்டு இந்தக் குழுவிலேயே எழுதுகிறேன்.

மீனாட்சி அத்தை, இரவு 7:50
நான்கோ அதற்குக் கீழோ வந்தால், வார்த்தைக்குச் சக்தியே இல்லை என்று ஆகிவிடுமா, அண்ணா?

சுந்தரம் பெரியப்பா, இரவு 8:04
ஆகாது. பன்னிரண்டு பாட்டில்களில் தெரியும் அளவுக்குச் சோற்றின் மேல் அதற்கு வேலை இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம். மனிதர்களிடம் எப்படிப் பேசுவது என்பதை நாம் சோற்றைக் கேட்டு முடிவு செய்யப்போவதில்லை.

மீனாட்சி அத்தை, இரவு 8:15
அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் புழுங்கலரிசியை வடித்துத் தாம்பாளத்தில் கொட்டிக் கிளறித் தருகிறேன். குக்கர் சோறு குழைந்துவிடும், வேண்டாம். கதிர், ஒரே அளவில் பன்னிரண்டு பாட்டில்கள் என்னிடம் இல்லை. ஊறுகாய்ப் பாட்டிலையும் ஜாம் பாட்டிலையும் கலக்காமல், கடையில் ஒரே மாதிரி வாங்கி வந்துவிடு.

கதிர், இரவு 8:22
வாங்கிவிடுகிறேன், அத்தை. எப்போது எண்ணுவது, எதை எண்ணுவது, எத்தனை வந்தால் யார் ஒப்புக்கொள்வது என்பதையெல்லாம் எழுதிப் படம் எடுத்து, அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே இங்கே போடுகிறேன். திட்டுவதற்கு மட்டும் ஒருவர் வேண்டும். அப்பா தம்மால் முடியாது என்கிறார்.

அருண், இரவு 8:24
பட்டியல் என்னிடம் இருப்பதால் நான் அதில் வர முடியாது. அம்மாவை விட்டால் வேறு ஆள் இல்லை.