ஈஎஸ்பி32 பட்டறை: காலேஜ் வைஃபையில போர்டு ஏற மாட்டேங்குது, 40 பேரை எப்படிச் சமாளிக்கிறது?

இசிஇ_மூணாவது_வருசம்

எல்லாருக்கும் வணக்கம். எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டு நாள் மாநாடு. ரெண்டாம் நாள் சனிக்கிழமை, 10 மணியிலிருந்து 1 மணி வரைக்கும் செய்முறைப் பட்டறை எங்க பொறுப்பு. 40 பேர், ரெண்டு பேருக்கு ஒரு கிட். ஈஎஸ்பி32ங்கிற குட்டி வைஃபை போர்டுல டிஎச்டி11 வெப்பநிலை சென்சாரை மாட்டி, ரீடிங்கை எம்க்யூடிடி (சாதனங்கள் குட்டிச் செய்தி அனுப்பிக்கிற முறை) வழியா அனுப்பணும். எல்லா மேசையோட ரீடிங்கும் முன்னாடி திரையில ஓடணும்.

செமினார் ஹால்ல ஒரு ஒத்திகை பார்த்தோம். காலேஜ் வைஃபை ரோல் நம்பர், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பக்கத்தைத் திறக்குது, போர்டு அங்கேயே நின்னுடுது. போன் ஹாட்ஸ்பாட் போட்டா கொஞ்சம் பேர் ஏறினதும் மத்தவங்களைச் சேர்க்க மாட்டேங்குது. சில லேப்டாப்ல போர்டு செருகினதே தெரியல. புரோகிராம் எழுதுற ஆர்டுயினோ சாஃப்ட்வேருக்குள்ள ஈஎஸ்பி32 பேக்கேஜ் டவுன்லோடு ஆகவே மாட்டேங்குது. போதாக்குறைக்கு ஹால்ல ரெண்டு பக்கச் சுவர்ல மட்டும்தான் பிளக் பாயின்ட். எதை முதல்ல பிடிக்கிறதுன்னே தெரியல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ரவுட்டர்_ராசா

தம்பி, காலேஜ் வைஃபையை மறந்துடுங்க. லாகின் பக்கம் திறக்க போர்டுல பிரவுசர் கிடையாது. ஐடி செக்‌ஷன்ல லெட்டர் கொடுத்து போர்டு ஒவ்வொண்ணோட மேக் அட்ரஸையும் (சாதனத்துக்குச் சாதனம் மாறுற வைஃபை அடையாள எண்) ஏத்தச் சொல்லலாம், ஆனா அவங்க கையெழுத்து வாங்கி முடிக்கிறதுக்குள்ள மாநாடே முடிஞ்சுடும். ஹாட்ஸ்பாட்டும் ஆகாது. நிறைய போன்ல 8, 10 சாதனத்தோட கதவு சாத்திடும்.

உங்க திட்டத்துக்கு இன்டர்நெட் எதுக்கு? சென்சார் ரீடிங் அந்த ஹாலைத் தாண்டிப் போகவே வேண்டாமே. ஒரு ரவுட்டர், ஒரு லேப்டாப்ல மஸ்கிட்டோ புரோக்கர் (எம்க்யூடிடி செய்தியை வாங்கிப் பிரிச்சுக் கொடுக்கிற சாஃப்ட்வேர்), அவ்வளவுதான். அந்த லேப்டாப்புக்கு 192.168.1.10 மாதிரி மாறாத ஐபி கொடுத்து, அதையே புரோகிராம்ல எழுதிடுங்க.

ரவுட்டர்ல பார்க்க வேண்டியது: சாதா ஈஎஸ்பி32க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 2.4, 5 ரெண்டு பேண்டுக்கும் ஒரே வைஃபை பேர் வெச்சிருந்தா பிரிச்சுடுங்க. பாதுகாப்பை டபிள்யூபிஏ2ல வைங்க. ஏபி ஐசொலேஷன் ஆன்ல இருந்தா வைஃபையில இருக்கிற போர்டும் லேப்டாப்பும் ஒண்ணையொண்ணு பார்க்காது, அணைச்சுடுங்க. சேனல் 1, 6, 11 மூணுல காலேஜ் வைஃபை எதுல கத்துதுன்னு போன் ஆப்ல பார்த்துட்டு வேற ஒண்ணுக்குப் போங்க.

லேப்டாப்பும் போர்டும் சேர்ந்து 40 ஏறினா வீட்டு ரவுட்டர் திணறும். இன்னொண்ணு இரவல் வாங்கி, அதோட டிஎச்சிபியை (ஐபி கொடுக்கிற வேலை) அணைச்சு, கேபிள்ல சேர்த்து, வேற சேனல்ல ஓட விடுங்க.

பழைய_லேப்_சார்

லேப்டாப்பில் போர்டு தெரியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பவர்பேங்கோடு வரும் கேபிள் பலவற்றில் சார்ஜுக்கான இரண்டு கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா போகாது. போர்டில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று மாணவர்கள் ஏமாந்துவிடுவார்கள். எல்லாக் கேபிளையும் உட்கார்ந்து சோதித்து, தேறியதற்கு மட்டும் பச்சை டேப் சுற்றுங்கள். மாணவர்களைச் சொந்தக் கேபிள் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

அடுத்தது டிரைவர். யூஎஸ்பி துவாரத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னச் சிப்பைப் பாருங்கள். சிபி2102 அல்லது சிஎச்340 என்று இருக்கும். ஒரே சமயத்தில் வாங்கிய போர்டிலேயே இரண்டும் கலந்து வருவதுண்டு, அதனால் இரண்டு டிரைவரையும் பென்டிரைவில் வையுங்கள். உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்குச் சிஎச்340 போர்டு தெரிந்து மறுகணமே மறையும். பிரெயில் கருவிக்கான ஒரு சேவை அந்த யூஎஸ்பி இணைப்பைத் தனக்கென்று பிடித்துக்கொள்வதுதான் காரணம். அதை நீக்கினால் சரியாகிவிடும்.

அப்லோடு செய்யும்போது 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக ஓடி நின்றால், பூட் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சென்சாரை எந்தப் பின்னில் மாட்டுகிறீர்கள்? 12ஆம் பின் என்றால் மாற்றிவிடுங்கள். சென்சார் பலகையில் புல்-அப் ரெசிஸ்டர் இருப்பதால் போர்டு ஆன் ஆகும்போது அந்தப் பின் மேலே இழுக்கப்படும், ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் என்று போர்டு தப்பாக முடிவுசெய்யும், பிறகு பூட் ஆகாது. 4ஆம் பின் நல்லது.

வயர்மேன்_தூத்துக்குடி

கரண்ட் விஷயத்தை யாரும் தொடல. சுவர்ல இருக்கிறது 6 ஆம்பியர் பாயின்ட்னா 230 வோல்ட்டுக்கு 1380 வாட். லேப்டாப் சார்ஜர் ஒண்ணு 65 வாட்னு வெச்சாலே 20 லேப்டாப்புக்கு 1300 வந்துடுச்சு. ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு நீங்க சொன்னாலும் 40 பேரும் ஆளுக்கொண்ணு தூக்கிட்டு வருவாங்க, அதுல நாலு பேரோடது 200 வாட் இழுக்கிற கேமிங் லேப்டாப்பா இருக்கும். ஒரு பாயின்ட்டுக்கு எட்டு லேப்டாப்புக்கு மேல வேண்டாம். ஏசி லைனும் பிளக் லைனும் ஒரே எம்சிபியில (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்) இருக்கான்னு காலேஜ் எலக்ட்ரீசியனைக் கூட்டிட்டுப் போய் அந்த சுவிட்ச் இருக்கிற டிபி பாக்ஸைத் திறந்து பாருங்க.

ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ் சொருகவே கூடாது. மெல்லிசு வயர் போட்ட மலிவுப் பாக்ஸ் தொட்டா சுடும், 1.5 ஸ்கொயர் வயர் போட்டதா வாடகைக்கு எடுங்க. சவுண்ட் சர்வீஸ்காரங்க கிட்ட இருக்கும். நடைபாதையில போற வயர் மேல முழு நீளத்துக்கும் டேப் ஒட்டுங்க.

சனிக்கிழமைங்கிறதால ஒண்ணு கேட்டுக்கறேன், உங்க சப்ஸ்டேஷனுக்கு அன்னைக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கான்னு விசாரிச்சீங்களா? ஜெனரேட்டர் மாறுற அந்தச் சில நொடியில லேப்டாப் பேட்டரியில ஓடும், ரவுட்டர் செத்துப் பொழைக்கும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு ரவுட்டருக்குப் போட்டா போதும்.

இசிஇ_மூணாவது_வருசம்

ரொம்ப நன்றி அண்ணா, சார். பராமரிப்பு அன்னைக்கு இல்லையாம், கேட்டாச்சு. சென்சார் 12லதான் இருந்துச்சு, 4க்கு மாத்தினதும் செத்துக்கிடந்த போர்டெல்லாம் எழுந்துடுச்சு!

இப்ப புதுத் தலைவலி. ரவுட்டர்ல எல்லா போர்டும் ஏறுது. ஆனா புரோக்கர்ல ஒரு போர்டு கனெக்ட் ஆனா இன்னொண்ணு விழுது. விழுந்தது திரும்ப ஏறினா முதல்ல இருந்தது விழுது. ரவுட்டர் தாங்கலையோ?

ரவுட்டர்_ராசா

ரவுட்டர் மேல பழி போடாதீங்க. எல்லா போர்டுலயும் ஒரே புரோகிராமைக் காப்பி பண்ணியிருப்பீங்க, புரோக்கர்கிட்ட போர்டு சொல்ற பேரான கிளையன்ட் ஐடியும் ஒண்ணாவே இருக்கும். அதே ஐடியில ரெண்டாவது ஆள் வந்தா முதல் ஆளை வெளிய தள்ளணும்ங்கிறது எம்க்யூடிடியோட விதி. மேக் அட்ரஸை எடுத்து ஐடியில ஒட்டிடுங்க, யாரும் கையால மாத்த வேண்டாம். மேசை நம்பரைச் செய்தியோட தலைப்பான டாபிக்ல மட்டும் போடச் சொல்லுங்க. தப்பா போட்டாலும் திரையில ரெண்டு மேசை கலந்து தெரியும், கனெக்‌ஷன் விழாது.

புரோக்கர் லேப்டாப்பைக் கடைசி நேரத்துல மாத்தாதீங்க. மஸ்கிட்டோ 2.0லிருந்து சும்மா நிறுவினா அந்த மெஷினுக்குள்ள மட்டும்தான் பேசும். வெளியில கேட்கவும், பாஸ்வேர்டு இல்லாம அனுமதிக்கவும் கான்ஃபிக் ஃபைல்ல தனித்தனி வரி வேணும். விண்டோஸ் ஃபயர்வால்ல 1883 போர்ட்டையும் திறக்கணும்.

மின்னல்கொடி

தம்பி, டவுன்லோடு பத்தி நான் சொல்றேன். "முன்னாடியே இன்ஸ்டால் பண்ணிட்டு வாங்க"ன்னு மெயில் போட்டா பாதிப் பேர் திறக்கக்கூட மாட்டாங்க. முதல் நாள் சாயங்காலம் டீ டயத்துல பதிவு மேசை பக்கத்துல ஒரு இன்ஸ்டால் மேசை போட்டுடுங்க. ஒரு விண்டோஸ் லேப்டாப்ல பேக்கேஜை முழுசா இறக்கி, ஆப்டேட்டா லோக்கலுக்குள்ள இருக்கிற ஆர்டுயினோ15 ஃபோல்டரை அப்படியே ஜிப் பண்ணுங்க. ஃபோல்டராவே காப்பி பண்ணாதீங்க, உள்ள ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல், பென்டிரைவ் நகரவே நகராது. லினக்ஸ், ஆப்பிள் மேக் ஆளுங்களுக்கு ஜிப் தனியா வேணும். லேப் கம்ப்யூட்டரை நம்பினீங்கன்னா, ரீஸ்டார்ட் பண்ணா பழையபடி ஆகுற ஏற்பாடு இருக்கான்னு லேப் அசிஸ்டென்ட் கிட்ட கேட்டுக்கோங்க.

ஹாலையே மாத்த முடியுமா பாருங்க. செமினார் ஹால் நாற்காலியில இருக்கிற மடக்குப் பலகையில லேப்டாப் வெச்சா பிரெட்போர்டு (வயர் சொருகுற ஓட்டைப் பலகை) மடியிலதான். அப்புறம் அந்த 30 பின் போர்டு அகலம், ஒரு பிரெட்போர்டுல குத்தினா ஒரு பக்கம் ஜம்பர் சொருக ஓட்டையே மிஞ்சாது. ரெண்டு பக்கமும் பெண் முனை இருக்கிற ஜம்பர் கொடுத்துடுங்க, பிரெட்போர்டே வேண்டாம்.

கிட்டை ஜிப்லாக் கவர்ல போட்டு மேசை நம்பர் எழுதி, உள்ள என்னென்ன இருக்குங்கிற சீட்டையும் வைங்க. 20க்கு 23 கிட் வாங்குங்க. திரும்ப வாங்கும்போது சீட்டைப் பார்த்து எண்ணினா போதும். சென்சார்தான் அதிகம் காணாம போகும்.

இசிஇ_மூணாவது_வருசம்

மேக் அட்ரஸ் ஒட்டினதும் எல்லா போர்டும் ஒழுங்கா நிக்குது அண்ணா. அக்கா, டிராயிங் ஹால் கேட்டிருக்கோம், எச்ஓடி சரின்னுட்டாங்க. பெரிய மேசை, பிளக்கும் நாலு பக்கம் இருக்கு. கடைசியா ஒண்ணு, டீ எத்தனை மணிக்குச் சொல்றது? கேன்டீன்ல 11:15ன்னு எழுதி வெச்சிருக்காங்க.

மின்னல்கொடி

மணி சொல்லாதீங்க, போன் பண்ணா கொண்டு வரச் சொல்லுங்க. எல்லா மேசையிலயும் முதல் அப்லோடு முடிஞ்சு விளக்கு மினுக்கின பிறகுதான் டீ. ஹாலுக்கு வெளிய வராந்தாவுல வைங்க, டம்ளர் மேசைக்கு வரவே கூடாது. யாராவது ரெண்டு மேசை மாட்டிக்கிட்டு நின்னா அந்தப் பத்து நிமிஷத்துல உங்க ஆளுங்க போய் உட்கார்ந்துடலாம்.