எஃப்.ஐ.ஆரில் தம்பி பெயர், வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள்: கிரிமினல் வக்கீலை எப்படிப் பார்த்து வைப்பது?

பூவரசு (கேள்வி)

தம்பி ஒரு கூட்டு வியாபாரத்தில் இரண்டாவது பங்குதாரர். பணம் போட்டவர் ஒருவர் கொடுத்த புகாரில் எஃப்.ஐ.ஆர் பதிவாகிவிட்டது. பி.என்.எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 316(2), 318(4), அதாவது நம்பிக்கை மோசடி, ஏமாற்று என்று போட்டிருக்கிறார்கள். தம்பி ஏ-2, இரண்டாவது குற்றம் சாட்டப்பட்டவர். ஸ்டேஷனிலிருந்து 35(3) நோட்டீஸ் என்று ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏ-1 தன்னுடைய வக்கீலே இரண்டு பேருக்கும் பார்த்துக்கொள்வார் என்கிறார். இன்னொரு வக்கீல், "இன்ஸ்பெக்டர் நமக்குத் தெரிந்தவர்தான், கேஸையே முடித்துத் தருகிறேன், மொத்த ஃபீஸையும் இப்போதே கொடுத்துவிடுங்கள்" என்கிறார். வெறும் விசாரணைக்குக் கூப்பிட்டதற்கே வக்கீல் வேண்டுமா? வேண்டுமென்றால் எதைப் பார்த்து முடிவு செய்வது? ஃபீஸ் எப்படிப் பேசுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு

வியாழக்கிழமைக்கு முன்பே வக்கீல் வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஸ்டேஷனில் முதல் நாள் சொல்வதும் கொடுப்பதும்தான் பிற்பாடு கேஸின் போக்கையே தீர்மானிக்கும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது உண்மைதான் (புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியம் 2023, பிரிவு 23). ஆனால் அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளோ ஆவணமோ கைப்பற்றப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியமாக வந்துவிடும். தானாகவே எடுத்துக் கொடுத்த கணக்குப் புத்தகமும் அப்படித்தான், திரும்ப வாங்க முடியாது.

முதலில் நோட்டீஸை நிதானமாகப் படியுங்கள். அது பி.என்.எஸ்.எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) தானா, 179-ஆ? 179 என்றால் சாட்சியாக அழைக்கிறார்கள். 35(3) என்றால் சந்தேகத்துக்கு உள்ளானவராக. நீங்கள் சொல்லும் இரண்டு பிரிவுகளுக்கும் அதிகபட்ச தண்டனை ஏழு ஆண்டைத் தாண்டவில்லை (316(2)-க்கு 5, 318(4)-க்கு 7). அதனால் எடுத்தவுடன் கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து அழைப்பதுதான் முறை. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. நோட்டீஸ்படி ஆஜராகி ஒத்துழைத்தால், கைது அவசியம் என்று காரணம் எழுதிவைக்காமல் கைது செய்யக் கூடாது. ஆஜராகாமல் விட்டால் அதையே காரணமாக்கிக் கைது செய்யலாம்.

வாட்ஸ்அப் விஷயம்: 35 நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற வழியில் கொடுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. "அப்படியென்றால் போகத் தேவையில்லை" என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். வக்கீல் மூலமாக எழுத்தில் பதில் போக வேண்டும்: நோட்டீஸ் வந்த விதம் சரியில்லை, முறைப்படி கொடுங்கள், இந்தத் தேதியில் ஆஜராகத் தயார் என்று. ஸ்டேஷனில் சீல் போட்ட ஒப்புகை வாங்குங்கள். தரவில்லை என்றால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு "ஒத்துழைக்கவில்லை" என்ற பேச்சு வந்தால் அந்த ரசீதுதான் பதில் சொல்லும்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர் நகல். பாலியல் குற்றம், தேசப் பாதுகாப்பு போன்றவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. ஸ்டேஷன், வருடம், எஃப்.ஐ.ஆர் எண் மூன்றும் இருந்தால் எடுத்துவிடலாம். அதைப் படிக்காமல் எந்த வக்கீலாலும் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. சம்பவத் தேதி எது, புகார் கொடுத்த தேதி எது, நடுவில் எத்தனை மாதத் தாமதம், தம்பி என்ன செய்ததாகப் புகார் சொல்கிறது, அல்லது பங்குதாரர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்த்திருக்கிறார்களா, இதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அன்பரசி_ப

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். வக்கீல் தேர்வு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஏ-1-இன் வக்கீல் வேண்டாம். அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் வேண்டாம். பங்குதாரர் வழக்குகளில் ஏ-2-இன் இயல்பான தற்காப்பு, "பணம் வாங்கியதும் வாக்குறுதி கொடுத்ததும் ஏ-1, எனக்கு அந்தப் பேச்சே தெரியாது" என்பதுதான். இரண்டு பேருக்கும் ஆஜராகும் வக்கீல் அதை எப்படிச் சொல்வார்? சொன்னால் இன்னொரு கட்சிக்காரருக்குத் துரோகம். சொல்லாமல் விட்டால் உங்கள் தம்பியின் கேஸ் போயிற்று. இப்போது இருவரும் ஒற்றுமையாக இருக்கலாம். குற்றப்பத்திரிகை வந்தபின் முரண்பாடு முளைத்தால், இரண்டு பேர் ரகசியமும் தெரிந்த அந்த வக்கீல் இரண்டு தரப்பிலிருந்தும் விலக வேண்டி வரும். நடுவழியில் புது வக்கீல் தேடி அலைவது நீங்கள்தான்.

"முடித்துத் தருகிறேன்" என்பவர் அதைவிட ஆபத்து. பதிவான எஃப்.ஐ.ஆரை இன்ஸ்பெக்டரே நினைத்தாலும் கிழித்துப் போட முடியாது. அது கோர்ட்டுக்குப் போயிருக்கும். முடிய வேண்டுமென்றால் போலீஸ் இறுதி அறிக்கை போட்டு மாஜிஸ்திரேட் அதை ஏற்க வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் பி.என்.எஸ்.எஸ் 528-இன் கீழ் ரத்து செய்ய வேண்டும், அல்லது சமரசமாகி கோர்ட் அனுமதியுடன் முடிய வேண்டும். இந்த மூன்றில் எந்த வழி என்று கேளுங்கள். நேராகப் பதில் வராவிட்டால் கிளம்பிவிடுங்கள். முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி தவறு. "ஜாமீன் கிடைத்தால் இவ்வளவு" என்று பேசுபவர் விதியை மீறித்தான் ஆரம்பிக்கிறார்.

நல்ல வக்கீலை அடையாளம் காண எனக்குத் தெரிந்த நம்பகமான வழி, முதல் சந்திப்பில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனிப்பது. எஃப்.ஐ.ஆரைக் கையில் வாங்கித் தேதிகளின் கீழ் கோடு போடுகிறவர், பங்கு ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து, பேங்க் கணக்கை இயக்கும் அதிகாரம் யாருக்கு, பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்று தோண்டுகிறவர், உங்களுக்குப் பிடிக்காத பதிலையும் தயங்காமல் சொல்கிறவர். சிவில் வக்கீல் வேறு, கிரிமினல் ட்ரையல் பார்ப்பவர் வேறு. அதிலும் ஜாமீன் மனுவோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய. ஈகோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டால் அந்தக் கோர்ட்டில் அவர் நடத்தும் வழக்குகள் வரும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். வழக்குகளில் சாட்சி விசாரணை நகர்கிறதா, வாய்தா மேல் வாய்தாவாக நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். முடிந்தால் அவர் குறுக்கு விசாரணை செய்யும் நாளில் கோர்ட்டில் போய் உட்காருங்கள். பொதுவாக யாரும் உட்காரலாம். எந்தச் சிபாரிசையும்விட அந்த அரை மணி நேரம் அதிகம் சொல்லும்.

ஃபீஸைக் கட்டம் கட்டமாகப் பேசுங்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதும் ஆஜராவதும் ஒரு கட்டம். முன்ஜாமீன் தேவைப்பட்டால் அது தனி. செஷன்ஸில் தள்ளுபடியாகி ஹைகோர்ட் போனால் அது இன்னொரு தனி. குற்றப்பத்திரிகைக்குப் பின் விடுவிப்பு மனு, பிறகு சாட்சி விசாரணை, கடைசியில் வாதம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, டைப்பிங், நகல், குமாஸ்தா செலவு உள்ளடங்கியதா, சீனியர் வைத்தால் அவர் ஃபீஸ் யார் பொறுப்பு, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது. "ஆபீஸுக்குக் கொடுக்கணும்" என்று ரசீதில்லாமல் தனியாகக் கேட்டால் அது லஞ்சம். கொடுத்தவர் மேலேயே அடுத்த கேஸ் வரும்.

கடைசியாக, முக்கியமான சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யப்போவது அவரா, ஜூனியரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வாய்தா வாங்க ஜூனியர் வந்தால் தப்பில்லை.

வாய்தா_நாள்

ட்ரையலில் என்ன கெட்டுப்போகிறது என்று சொல்கிறேன், வக்கீல் வைக்கும்போதே இது மனதில் இருக்கட்டும்.

புகார்தாரர் போலீஸிடம் சொல்லாத ஒன்றைக் கூண்டில் ஏறி முதல்முறையாகச் சொல்வார். உதாரணமாக, "ஏ-2-வும் பக்கத்தில் இருந்து உறுதி கொடுத்தார்" என்று. போலீஸ் பதிவு செய்த அவருடைய 180 வாக்குமூலத்தில் அந்த வரி இல்லை. அப்போது வக்கீல் இரண்டு வேலை செய்ய வேண்டும். அந்தச் சாட்சியிடமே "இதைப் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை" என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பல வாய்தா கழித்துப் புலன்விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, "அந்தச் சாட்சி என்னிடம் அப்படிச் சொல்லவில்லை" என்பதை அவர் வாயால் வரவழைக்க வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால் முதலாவது வீண். மாதக்கணக்கில் இடைவெளி விழுவதால் வழக்குக் கட்டைத் திறந்து படித்துவிட்டு வராத வக்கீல்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

அதைவிட மோசம், அரசுத் தரப்பு ஒரு சாட்சியை முதல் விசாரணை செய்து முடித்த அன்று "குறுக்கு விசாரணை இல்லை" என்று பதிவாகிவிடுவது. சாட்சியைத் திரும்ப அழைக்க பி.என்.எஸ்.எஸ் 348-இல் மனு போடலாம், ஆனால் அனுமதிப்பது கோர்ட்டின் கையில். ஆகவே ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் ஈகோர்ட்ஸில் வழக்குக்கென்று உள்ள சி.என்.ஆர் எண்ணைப் போட்டு அன்று என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்று நீங்களே பாருங்கள். தம்பி வர முடியாத நாளில் ஆஜராவதிலிருந்து விலக்கு கேட்டு 355 மனு போட்டார்களா என்பதையும் கேளுங்கள். போடாமல் விட்டால் பிடிவாரண்ட்.

வக்கீல் சரியில்லை என்றால் மாற்றலாம். புது வக்கீல் வக்காலத்து போட பழையவரின் சம்மதம் வாங்குவது முறை. தர மறுத்தால் கோர்ட் அனுமதியோடு போடலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொன்ன விஷயம். என்ன இருந்தாலும் அசல் ஆவணங்களை முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள். நகல் செட் கொடுங்கள், அசல் கோர்ட்டில் தாக்கல் செய்யும் அன்று போதும்.

பூவரசு

ரொம்ப நன்றி, ஏ-1-இன் வக்கீல் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகம். போனில் ஏ-1-உடன் பேசிய பழைய மெசேஜ்களை அழித்துவிடலாமா என்று தம்பி கேட்கிறான். இன்னொன்று, முன்ஜாமீன் இப்போதே போட்டுவிடலாமா? பணத்துக்கும் கொஞ்சம் நெருக்கடிதான், இலவச சட்ட உதவி இதற்குக் கிடைக்குமா?

வழக்குக்கட்டு

மெசேஜில் கை வைக்கவே கூடாது. சாட்சியத்தை அழிப்பது பி.என்.எஸ் 238-இல் தனிக் குற்றம். இவர் அழித்தாலும் எதிர்முனை போனில் அது இருக்கும், அழித்த தடயமும் தெரியும். ஜாமீனை எதிர்க்க அரசு வக்கீலுக்கு அதைவிடப் பலமான காரணம் தேவையில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள்: "எனக்குத் தெரியாது" என்று தம்பி சொல்வதற்கு ஆதாரமே அந்த மெசேஜ்களில் இருக்கலாம். போனை அப்படியே வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீலிடம் சொன்னதை வெளியே சொல்ல அவரைக் கட்டாயப்படுத்த முடியாது (சாட்சிய அதினியம் 132). இனிமேல் குற்றம் செய்ய யோசனை கேட்டால்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் பாதகமானதையும் மறைக்காமல் சொல்லட்டும். குறுக்கு விசாரணை நடுவில் வக்கீலுக்கு அது முதல்முறையாகத் தெரியவந்தால் சமாளிக்க வழி இருக்காது. ஆபீஸ் சிசிடிவி பதிவு உதவும் என்றால் இன்றே எடுத்து வையுங்கள், நாளாக நாளாக மேலெழுதி அழிந்துவிடும்.

முன்ஜாமீன் பி.என்.எஸ்.எஸ் 482-இல் செஷன்ஸிலோ ஹைகோர்ட்டிலோ போடலாம். 35(3) நோட்டீஸ் கையில் இருக்கும்போது "கைது செய்யும் எண்ணமில்லை" என்று போலீஸ் சொல்லி மனு அதோடு முடிந்துபோவதும் உண்டு. அது கெட்டதல்ல, அந்த வார்த்தை கோர்ட் பதிவில் வந்துவிடுகிறது. ஆனால் தொகை பெரியது என்றாலோ, பணம் தம்பி கணக்கு வழியாகப் போயிருந்தாலோ, காத்திருக்காமல் இப்போதே போடுவதுதான் நல்லது. எஃப்.ஐ.ஆரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பார்த்து வக்கீல் எடுக்க வேண்டிய முடிவு இது.

அன்பரசி_ப

இலவச சட்ட உதவி பற்றி: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், காவலில் இருப்பவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பல மாவட்டங்களில் இதற்கென்றே குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு முழுநேர வக்கீல்களை நியமித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிரிமினல் ட்ரையல்தான் தினசரி வேலை. இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

ஒருவேளை கைது நடந்துவிட்டால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கும் தகவல் தர வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க பி.என்.எஸ்.எஸ் 38-ஆம் பிரிவில் உரிமை உண்டு, ஆனால் முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. வியாழக்கிழமை போகும்போதே வக்காலத்தில் கையெழுத்து வாங்கி வக்கீலிடம் கொடுத்துவையுங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோகும் நேரத்தில் ஜெயில் வழியாகக் கையெழுத்துக்கு அலைவது வீண் தாமதம். இரண்டு ஜாமீன்தாரர்களை இப்போதே பேசிவையுங்கள், அவர்களுடைய அடையாள, முகவரி, சொத்து ஆவணங்களோடு. ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் அநேகம்.

இந்தப் பிரிவுகளுக்கு 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆனால் தானாக வராது. கெடு தாண்டியவுடன், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் மனு போட்டிருக்க வேண்டும். 61-ஆம் நாள் காலையில் கோர்ட் திறக்கும்போதே மனு தயாராக இருக்குமா என்று வக்கீலிடம் கேட்டு வையுங்கள்.