பெருந்தொற்றும் வழக்குத் தேக்கமும்: இங்கிலாந்தில் நடந்தது சிங்கப்பூரில் ஏன் நடக்கவில்லை?

தெம்பனிஸ் செல்வி:
அக்கா மகள் இங்கிலாந்தில் சட்டம் படிக்கிறாள். பெருந்தொற்றுக்கு முன் கடுமையான குற்றங்களை விசாரிக்கும் அங்குள்ள கிரவுன் நீதிமன்றங்களில் சுமார் 38,000 குற்றவியல் வழக்குகள் நிலுவையில் இருந்தனவாம். 2021-இல் அது 60,000-ஐத் தாண்டி, பிறகும் ஏறிக்கொண்டே போனதாம். சிங்கப்பூரிலும் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை அவசர வழக்குகளைத் தவிர மற்றவை ஒத்திவைக்கப்பட்டன. அப்படியிருக்க, இங்கே அந்த அளவுக்குத் தேக்கம் பற்றிய பேச்சே எழவில்லையே, ஏன்? ஸூம் வழியாகக் காணொளியில் விசாரித்ததுதான் காரணமா?

பழைய வழக்கறிஞர்:
செல்வி, ஸூம் பாதிக் காரணம்கூட இல்லை என்பேன். முதன்மையான காரணம் ஜூரி. அங்கே கடுமையான குற்றங்களை விசாரிக்கப் பன்னிரண்டு பொதுமக்கள் ஓர் அறையில் அமர்ந்து சாட்சியம் கேட்டு, இன்னோர் அறையில் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். இடைவெளி விட்டு அமரச் சொன்னால் பழைய கட்டடங்களில் இடம் ஏது? 2020 மார்ச்சில் புதிய ஜூரி விசாரணைகளை நிறுத்தியவர்கள், பிறகு தற்காலிக நீதிமன்றங்களைத் திறந்தும் சமாளிக்க முடியவில்லை. ஸ்காட்லாந்தில் பதினைந்து ஜூரிகளையும் திரையரங்கில் உட்காரவைத்து, நீதிமன்றத்தில் நடப்பதைப் பெரிய திரையில் காட்டினார்கள். நாமோ ஜூரி முறையை 1969-லேயே சட்டமியற்றி ஒழித்துவிட்டோம். இங்கே நீதிபதி ஒருவரே விசாரித்துத் தீர்ப்பளிக்கிறார். அது நல்லதா என்பது வேறு விவாதம்.

உட்லண்ட்ஸ் வாசகர்:
வழக்கறிஞர் ஐயா சொல்வது சரிதான். ஆனால் காணொளி விசாரணையை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2020 ஏப்ரலில் நிறைவேற்றப்பட்ட கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டம் அதற்கு வழிவிட்டது. அடுத்த மாதமே போதைப்பொருள் வழக்கொன்றில் மலேசியர் ஒருவருக்கு ஸூம் வழியாக மரண தண்டனை அறிவிக்கப்பட்டு, மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. அதே நபரை 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. விடுதலைக்குக் காரணம் ஸூம் அல்ல, சாட்சியத்தில் எழுந்த ஐயம். இருந்தாலும், தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் சிறையில் திரைமுன் அமர்ந்திருக்க, மொழிபெயர்ப்பாளர் வேறோர் இடத்திலிருந்து பேச, வழக்கறிஞரிடம் தாழ்ந்த குரலில் ஒரு சந்தேகம் கேட்கவும் வழியில்லை என்றால், வேகமாக முடிந்த விசாரணை அவருக்கு எந்த அளவுக்குப் புரிந்திருக்கும்?

தெம்பனிஸ் செல்வி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் அங்கே தேக்கம் முழுவதும் பெருந்தொற்றால் வந்ததுதானா?

பழைய வழக்கறிஞர்:
இல்லை. அதற்கு முன்பே நீதிமன்றங்கள் பல மூடப்பட்டு, நீதிபதிகள் அமர்ந்து விசாரிக்கும் நாள்களும் குறைக்கப்பட்டிருந்தன. 2022-இல் குற்றவியல் வழக்கறிஞர்கள் ஊதியம் போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். இதற்கிடையே, விசாரணைக்கு முன் ஒருவரைக் காவலில் வைத்திருக்கும் உச்சவரம்பை 182 நாளிலிருந்து 238 நாளாக 2020-இல் தற்காலிகமாக உயர்த்தினார்கள். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவர் கூடுதலாக எட்டு வாரம் உள்ளே இருக்கலாம் என்று அதற்குப் பொருள்.