எஸ் போட்ட பேருந்து

லுப்ளினிலிருந்து ஒருவர்

போலந்துக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. முதல் வருடம் எல்லாரும் போகிற இடங்களுக்குத்தான் நானும் போனேன். க்ராக்கூஃப், க்தான்ஸ்க், பனிக்காலத்தில் ஸகோபானே. ஊரிலிருந்து யார் வந்தாலும் அதே கோட்டை, அதே உப்புச் சுரங்கம். மூன்றாவது முறையாகச் சுரங்கத்துப் படிகளில் இறங்கும்போதே, போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் வரைபடத்தில் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும் ஊர்களாகப் பார்த்துப் போக ஆரம்பித்தேன்.

என்னிடம் கார் கிடையாது. வாங்கலாம், வாங்கவில்லை. காரில் போகிற நண்பர்கள் ஊரைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். நான் எங்காவது மாட்டிக்கொள்கிறேன். எனக்குக் கிடைத்த ஆட்கள் எல்லாரும் அப்படி மாட்டிக்கொண்ட இடங்களில் கிடைத்தவர்கள்.

லுப்ளினிலிருந்து ஸாமோஷ்ச் போக இருபது பேர் உட்காரும் வேன்கள் உண்டு. இங்கே 'புஸ்' என்றால் அந்த வேன்தான். நாம் சொல்லும் பஸ்ஸுக்கு 'அவ்தோபுஸ்'. ஏறியதும் ஓட்டுநரிடமே காசு கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒரு 'ஜென் தோப்ரி'யும், அதாவது வணக்கம். முதல் நாள் நான் சொல்லாமல் ஏறினேன். வண்டியே திரும்பிப் பார்த்தது. நிறத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் குறுகிப்போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் அதுவும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நிறுத்தத்தில் உள்ளூர்ப் பையன் ஒருவன் காதில் கம்பியோடு பேசாமல் ஏறினான். முன்சீட்டுப் பாட்டி அவனைப் பிடித்துப் பிடித்துத் திட்டினார். அன்றிலிருந்து நான் ஏறும்போதே சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸாமோஷ்ச் ஒரு தனி மனிதர் ஆசைப்பட்டு எழுப்பிய ஊர். யான் ஸமோய்ஸ்கி என்ற பெரும் பிரபு, இத்தாலியின் பதுவாவில் படித்தவர், அந்த ஊர்க்காரரான பெர்னார்தோ மொராந்தோ என்ற கட்டடக் கலைஞரை அழைத்துவந்து 1580-இல் வயல்வெளியில் கோடு போட்டுத் தொடங்கியது. நடுச் சதுக்கம் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். ஒரு பக்கம் ஆர்மீனிய வணிகர்கள் கட்டிய வீடுகள் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று வரிசையாக நிற்கும். நடுப்பகலில் நகர மன்றக் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுவார்கள். மூன்று திசைக்குத்தான் ஊதுவார்கள், அந்தக் காலத்தில் அரசரின் தலைநகரமாக இருந்த க்ராக்கூஃப் திசைக்கு ஊதமாட்டார்கள். ஸமோய்ஸ்கிக்கும் அரசருக்கும் ஆகாது, அதனால்தான் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். பங்காளிச் சண்டையில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அங்கிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஷ்செப்ஜெஷின் பற்றி. ஊர்ப் பெயரே பாதிப் பல்லை ஆட்டிவிடும். யான் ப்ஜெஹ்வா என்ற கவிஞர் குழந்தைகளுக்கு எழுதிய ஒரு பாட்டில், இந்த ஊர் நாணலுக்குள் வண்டு ஒன்று ரீங்கரிக்கும். போலந்துக்காரர்களே திக்கித் திணறிச் சொல்லும் வரி அது. அதற்காக வயலின் வாசிக்கும் வண்டுக்கு ஊரில் சிலையே வைத்திருக்கிறார்கள். சிலையைப் பார்த்தேன், யூதத் தொழுகைக்கூடத்தைப் பார்த்தேன். அது இப்போது பண்பாட்டு மையம். அங்கே தொழுதவர்கள் 1942-இல் கொல்லப்பட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முடிந்துவிட்டது.

திரும்ப நிறுத்தத்துக்கு வந்தால் அட்டவணையில் 16:35 என்றிருந்தது. பக்கத்தில் சின்னதாக ஆங்கில எழுத்து எஸ். ஏதோ வழித்தடக் குறி என்று விட்டுவிட்டேன். ஐந்து மணி ஆயிற்று, வண்டி இல்லை. எதிர்வீட்டு வேலியோரம் ஒரு பாட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து புளிப்புச் செர்ரிப் பழங்களுக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் சிவப்பு. என்னை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து "ஷ்கோவா" என்றார். பள்ளிக்கூடம். சரி, பள்ளிக்கூடம் வழியாகப் போகும் வண்டி போலிருக்கிறது என்று தலையாட்டினேன். அவர் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் "வகாத்ஸ்யே" என்றார். அது விடுமுறை. அப்போதுதான் உறைத்தது. எஸ் போட்ட வண்டி பள்ளி நடக்கும் நாளில் மட்டும் ஓடும். அன்று ஜூலை மாதம். செப்டம்பர் ஒன்றாம் தேதி வரைக்கும் அது வரப்போவதில்லை.

அட்டவணையில் செர்ரிச் சாறு ஒரு பொட்டாக ஒட்டியிருந்தது. அவர் அதைப் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு வீட்டைக் காட்டினார்.

மருமகன் கார் எடுத்துக்கொண்டு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று தெரிந்தது. அதுவரை பேரன் எனக்கு அந்த வண்டு வரியைக் கற்றுக்கொடுத்தான். நான் சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தான். விடுவேனா? "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்" என்று எடுத்துவிட்டேன். ஷ், ச், ஜ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லும் நாக்கு 'ழ'வுக்கு மடியவே இல்லை. பாட்டியும் வாயைக் கோணிக்கோணி முயன்றார்.

அப்புறம் கைபேசியின் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். ஸாமோஷ்ச் வட்டாரத்திலிருந்து 1942, 43-இல் சுமார் 1,10,000 பேரை ஜெர்மானியர்கள் கிராமம் கிராமமாக விரட்டினார்கள். அதில் முப்பதாயிரம் பேர் குழந்தைகள். பாட்டியின் அம்மாவும் அதில் ஒருத்தி, அப்போது ஆறு வயதாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை, கொட்டை எடுப்பதும் நிற்கவில்லை.

மருமகன் காசு வாங்கவில்லை. பாட்டி என் மடியில் ஒரு ஜாடி உப்புநீர் வெள்ளரிக்காயை வைத்து அனுப்பினார். மூடி சரியாக இறுகவில்லை. ஸாமோஷ்ச் வந்து இறங்கும்போது கால்சட்டை முழுக்கப் பூண்டு வாசம்.


வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து ஒருவர்

எனக்கும் அந்த எஸ் தெரியாது. இங்கே ஆறு வருடமாக இருக்கிறேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நம் பக்கம் ரயில் உண்டு, அதனால் பிழைத்தேன்.

ஷ்விட்னீத்ஸா போயிருக்கிறீர்களா? வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். அங்கே 'அமைதி ஆலயம்' என்று ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் 1648-இல் முடிந்தபோது, கத்தோலிக்கப் பேரரசர் இந்தப் பகுதி லூத்தரன் மக்களுக்கு மூன்று தேவாலயம் கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். கொடுத்த நிபந்தனைகளைப் பாருங்கள்: ஊர் மதிலுக்கு வெளியே கட்ட வேண்டும். கல், செங்கல் கூடாது, மரமும் களிமண்ணும் வைக்கோலும்தான். கோபுரம் கூடாது. ஒரே வருடத்துக்குள் முடிக்க வேண்டும். சீக்கிரம் விழுந்து தொலையட்டும் என்ற எண்ணம்தான், வேறென்ன. ஒன்று எரிந்துபோனது. யாவோரிலும் ஷ்விட்னீத்ஸாவிலும் கட்டியவை முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக நிற்கின்றன. வெளியே பார்த்தால் பெரிய தானியக் கிடங்கு போலிருக்கும். உள்ளே போனால் கண் கூசும். அடுக்கடுக்காக மாடங்கள், ஏழாயிரத்துக்கு மேல் ஆட்கள் கொள்ளுமாம்.

அங்கே வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு "கோலாப்பூர்! கோலாப்பூர்!" என்றார். எனக்கு முதலில் செருப்பு ஞாபகம்தான் வந்தது. விஷயம் வேறு. 1940-இல் சோவியத் ஆட்கள் கிழக்குப் போலந்திலிருந்து சைபீரியாவுக்கு நாடு கடத்திய குடும்பங்களில் ஒரு பகுதி, பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. கோலாப்பூர் பக்கத்து வளிவடேயில் சுமார் ஐயாயிரம் போலந்துக்காரர்கள் முகாமில் இருந்தார்கள். ஜாம்நகர் அரசர் குழந்தைகளுக்காகத் தனி முகாமே வைத்தார். வார்சாவில் 'நல்ல மகாராஜா' பெயரில் சதுக்கம் இருப்பது அவருக்காகத்தான். போர் முடிந்தபோது அவர்களின் சொந்த ஊர்கள் போலந்திலேயே இல்லை, எல்லைகள் மாறிவிட்டன. ஜெர்மானியர்கள் காலி செய்த இந்தப் பகுதி ஊர்களில் குடியேறினார்கள். அந்த அம்மாவின் பெரியம்மா வளிவடேயில் வளர்ந்தவராம்.

பெரியம்மாவிடம் கற்ற வார்த்தைகளை ஒவ்வொன்றாக என்னிடம் சொன்னார். "பானி", "ஜல்தி", இன்னும் என்னென்னவோ. நான் தூத்துக்குடிக்காரன், எனக்கு இந்தி வராது. எண்பது வருடமாகக் காப்பாற்றி வைத்திருக்கும் வார்த்தைகளுக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். 'பானி' என்றால் இங்கே அம்மையார். அவர் தண்ணீரைச் சொல்கிறாரா தன்னைச் சொல்கிறாரா என்று கடைசி வரை குழப்பம் தீரவில்லை.


வூச்சிலிருந்து ஒருவர்

இரண்டே விஷயம், சின்ன ஊருக்குப் போகிறவர்களுக்கு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் உருளைக்கிழங்கு, தயிர்ப்பாலாடை வைத்த பியெரோகி, நம் கொழுக்கட்டை மாதிரி, கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே சைவம்தான். மேலே பன்றிக்கொழுப்பைப் பொரித்துத் தூவிக் கொண்டுவருவார்கள். "பெஸ் ஸ்க்வாரெக்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் வாங்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டதைச் சமையல்கார அம்மா எட்டிப் பார்த்தார். தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் வெங்காயம் வதக்கிப் போட்டுப் புதிதாகக் கொண்டுவந்தார். காசு கேட்கவில்லை, திட்டுதான். கூடவே ஒரு கிளாஸ் 'மஷ்லான்கா'. அது நம் மோர்தான். உப்பு போட்டுக் குடித்தேன், அதற்கும் ஒரு திட்டு.

இன்னொன்று. கழிப்பறைக் கதவில் படம் இருக்காது. வட்டம் பெண்களுக்கு, முக்கோணம் ஆண்களுக்கு. முக்கோணத்தைப் பாவாடை என்று நினைத்து உள்ளே போனவள் சொல்கிறேன்.


பியாவிஸ்டோக்கிலிருந்து ஒருவர்

நான் கீழக்கரைக்காரன். படிப்புக்காக வந்தேன். இங்கிருந்து பெலாரஸ் எல்லைப் பக்கம் க்ருஷினியானி என்று ஒரு கிராமம், அங்கே மரப் பள்ளிவாசல் இருக்கிறது என்று கூடப் படிக்கும் பையன் சொன்னபோது நம்பவில்லை.

1679-இல் அரசர் மூன்றாம் யான் சொபியெஸ்கி, தன் படையில் இருந்த தாத்தார் முஸ்லிம் வீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக இங்கே நிலம் கொடுத்தார். அவர்களின் வழிவந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாத்தார் மொழி எப்போதோ போய்விட்டது, தீன், அதாவது மார்க்கம், போகவில்லை. பச்சை வண்ணம் பூசிய பலகைச் சுவர், முன்னால் இரண்டு கோபுரம். உச்சியில் பிறை இல்லையென்றால் கிராமத்துத் தேவாலயம் என்றே சொல்லிவிடுவீர்கள். சுற்றுவட்டாரத்தில் தேவாலயம் கட்டிய தச்சர்களுக்குத் தெரிந்த வேலை அதுதானே. எங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசலும் அப்படித்தான். கல்தூணும் மண்டபமுமாகப் பார்ப்பவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். கீழக்கரையில் எனக்கு அது ஒரு நாளும் தோன்றியதில்லை, இந்தக் காட்டுக்குள் வந்து நின்ற பிறகுதான் தோன்றியது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பலகை வாசம், கம்பளம், சுவரில் சட்டம் போட்ட அரபு எழுத்துகள். சுற்றிக்காட்டியவரிடம் சலாம் சொன்னேன். போலந்து உச்சரிப்பில் பதில் வந்தது. அப்புறம் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெளியே அந்த ஜாக்கெட்டோடு நிற்காதே, காய்ச்சல் வரும்" என்றார். நவம்பர் மாதம், நான் மெல்லிசாகத்தான் போட்டிருந்தேன்.

பக்கத்தில் இடுகாடு. ஒரே கல்லில் அரபியும் போலிஷும், பழைய கற்களில் ரஷ்ய எழுத்தும். சாப்பிட 'பியெரெகாச்செவ்னிக்' என்று ஒன்று கொடுத்தார்கள். மெல்லிய மாவை அடுக்கடுக்காக வைத்து, உள்ளே கறி வைத்துச் சுருட்டிச் சுட்டது. உம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "நம்ம வீச்சுப் பரோட்டாவைச் சுருட்டி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

திரும்பி வர வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை. 2018-க்குப் பிறகு பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகளும் திறப்பதில்லை, அதனால் சும்மா போய்வரும் காரும் குறைவு. எல்லையோரம் என்பதால் வழியில் அடையாள அட்டை கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.


லுப்ளினிலிருந்து, மறுபடியும்

அந்த ஜாடி என்ன ஆயிற்று என்று தனியே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

வெள்ளரிக்காய் தீர்ந்ததும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஒரு மாதம் சமையலறை ஜன்னலில் கிடந்தது. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அம்மா சொல்லி வளர்த்தது. எலுமிச்சம்பழம் வாங்கி ஊறுகாய் போட்டேன். நல்லெண்ணெய்க்கு லுப்ளினில் அலையோ அலை. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து ஷ்செப்ஜெஷின் போனேன்.

பாட்டி ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் ஒரு எலுமிச்சைத் துண்டை வைத்துக் கடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. "ஓஸ்த்ரே" என்றார், அதாவது காரம். இன்னொரு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார். பேரன் தொடவில்லை, ஆனால் 'வாழைப்பழம்' என்பதை 'வாயெப்பயம்' வரைக்கும் கொண்டுவந்திருந்தான். நம் ஊரிலேயே பாதிப் பேர் அவ்வளவுதான் சொல்கிறார்கள், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

16:35-க்கு எஸ் போட்ட வண்டி சரியாக வந்தது. உள்ளே அத்தனையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உட்கார இடமில்லை, ஸாமோஷ்ச் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.